ஏப்ரலில் ஸ்கிடா ஓட்டம்: கீழே வெயில், மேலே ஆலங்கட்டி. பையில் என்ன கொண்டு போகிறீர்கள்?

கெஸ்விக்_கதிர்

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் இங்கிலாந்தின் மலைப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் வந்த பிறகு எனக்கு இது முதல் வசந்தம். குளிர்காலம் முழுக்கத் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு லாட்ரிக் ஏறி இறங்கினேன். 368 மீட்டர்தான், வீட்டு வாசலிலிருந்தே ஓடலாம். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து வேலை முடிந்த பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. கண் இப்போது ஸ்கிடா மலைப் பக்கம் போய்விட்டது.

வானிலைதான் பிடிபடவில்லை. ஜனவரியில் மழை என்றால் நாள் முழுக்க மழை, அதற்குத் தயாராகப் போவோம். இப்போது கீழே அரைக்கை சட்டையோடு கிளம்பினால் பாதி மலையில் ஆலங்கட்டி அடிக்கிறது, அது நின்று மறுபடி வெயில், அப்புறம் எலும்பைத் துளைக்கும் காற்று. வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், வாட்டர்ப்ரூஃப் கால்சட்டை, குல்லாய், கையுறை, மேப், காம்பஸ், விசில், தின்ன ஏதாவது: ஃபெல் பந்தயங்களில் (ஃபெல் என்றால் இங்கே மலை) இவற்றைக் கேட்பார்கள் என்று தெரியும். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு வரவும் இத்தனையும் வேண்டுமா? வழக்கமாக ஓடுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பீக்_மணி

வேண்டாம். இடுப்பில் ஒரு மெல்லிய காற்றுச்சட்டை, தின்ன ஒரு எனர்ஜி ஜெல், ஃபோன். முடிந்தது. ஷெஃபீல்டிலிருந்து வாராவாரம் கிண்டர் மலைப் பக்கம் ஓடுகிறேன். என்னைவிட இருபது வயது மூத்த உள்ளூர்க்காரர்கள் பனியிலும் அரைக்கால் சட்டையோடு தாண்டிப் போகிறார்கள். பை கனத்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குளிரும். ஓடுகிறவனுக்கு ஓட்டம்தான் கம்பளி.

மழைமானி

கதிர் தம்பி, மணி சொல்வதில் பாதி சரி. ஓடிக்கொண்டிருக்கும் வரை உடம்பு சூடாகத்தான் இருக்கும். ஓட முடியாமல் போகும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் பை.

கணக்கைப் பார். கெஸ்விக் கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர் சொச்சம், ஸ்கிடா 931. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊரில் 10 டிகிரி என்றால் உச்சியில் நாலரை. அங்கே மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 2. ஊரில் இலை லேசாக அசையும் நாளில் முகட்டில் 50 அடிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. ஏறும்போது வேர்த்து நனைந்த சட்டை இதைவிட மோசமாக வேலை செய்யும்.

வசந்தத்தில் ஏன் இப்படி மாறி மாறி வருகிறது என்று பிடிபடவில்லை என்றாய். ஏப்ரல் 20-ம் தேதி மத்தியானச் சூரியன் நிற்கும் உயரமும் ஆகஸ்ட் 22-ம் தேதி நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக வெயிலுக்கு உறைப்பு வந்துவிட்டது. ஆனால் குளிர்காலம் முழுக்க ஆறிய கடல் இன்னும் சூடேறவில்லை, மேல்காற்றும் குளிர்ந்தே கிடக்கிறது. வடமேற்கிலிருந்து துருவக் காற்று வரும் நாளில் கீழே தரை சூடாகிறது, மேலே குளிர், காற்று மளமளவென்று எழும்பி மேகமாகிறது. காலையில் துடைத்துவிட்டது போல் நீலம், பதினொரு மணிக்குக் காலிஃபிளவர் மேகம், இரண்டு மணிக்கு ஆலங்கட்டி. அது கடந்த இருபது நிமிடத்தில் மறுபடி வெயில். மழை அளவை மட்டும் பார்த்தால் ஏப்ரலும் மே மாதமும் இங்கே வருடத்தின் உலர்ந்த காலம். போரோடேலில் இருக்கும் சீத்வெயிட்டில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, அதில் பெரும்பங்கு இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும். அதனால்தான் ஏப்ரலில் ஆட்கள் ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் இருப்பது பென்ரித் பக்கம். எங்களுக்கு இன்னொரு விருந்தாளி உண்டு, ஹெல்ம் காற்று. பிரிட்டனில் தனக்கென்று பெயர் வைத்துக்கொண்ட ஒரே காற்று என்று பெருமையாகச் சொல்வார்கள். வடகிழக்கிலிருந்து வந்து கிராஸ் ஃபெல் மேல் ஏறி, இந்தப் பக்கம் ஈடன் பள்ளத்தாக்கில் குப்புற விழும். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்தான் அதிகம். முகட்டின் மேல் தொப்பி போல ஒரு மேகம் அசையாமல் உட்காரும், அதற்கு இணையாகச் சில மைல் தள்ளி இன்னொரு மேகப் பட்டை. நடுவில் நீல வானம். அந்த நீலத்தைப் பார்த்து ஏமாந்து கிளம்பினால் கண்ணில் தண்ணீர் வர ஓட வேண்டும்.

என் பை: தையல்களுக்கு டேப் ஒட்டிய, தொப்பி வைத்த ஜாக்கெட், கையுறை, குல்லாய், விசில், ஒரு சாக்லேட். இவை ஜூன் வரை பையைவிட்டு வெளியே வராது. கால்சட்டையும் மேப்பும் நாளைப் பொறுத்து. கிளம்பும் முன் எம்.டபிள்யூ.ஐ.எஸ். மலை வானிலை அறிக்கையில் காற்று வேகத்தை முதலில் பார், மழையை அப்புறம் பார். தேசியப் பூங்காவின் வெதர்லைனும் உண்டு. குளிர்காலத்தில் தினமும் ஒருவர் ஹெல்வெலின் உச்சி வரை ஏறி, அங்கே பனி எப்படி, காற்று எப்படி என்று நேரில் பார்த்து எழுதுகிறார். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் படிப்பையே மாற்றியிருப்பேன்.

கோவை_சைக்கிள்

இங்கே 36 டிகிரி. மழைமானி அக்கா எழுதியதை மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். நன்றி.

வேலணைப்_பொடியன்

நான் லீட்ஸில் இருக்கிறன். யோர்க்ஷயர் த்ரீ பீக்ஸ் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிற ஆட்களோடு பழக்கம். பெனிகென்ட், வேர்ன்சைட், இங்கிள்பரோ என்று மூன்று மலை, 23 மைல் சொச்சம், 1954 முதல் நடக்கிறது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைதான் வழமையான நாள். அந்தத் திகதியில் வெயிலில் முதுகு வெந்த ஆட்களும் உண்டு, உறைபனியில் விரல் விறைத்த ஆட்களும் உண்டு.

மணி அண்ணைக்கு ஒன்று. இந்தக் கட்டாயப் பொருட்கள் பட்டியலை யாரோ மேசையில் இருந்து எழுதவில்லை. 1978 த்ரீ பீக்ஸில் ஒருவர் குளிரில் விறைத்து இறந்தார். 2012 ஏப்ரலில் பட்டர்மியர் பக்கம் நடந்த பந்தயத்தில் இன்னொருவர். அதற்குப் பிறகு ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி எழுதியது. இரண்டும் வசந்தகாலம் என்பதைக் கவனியுங்கோ. ஜனவரியில் எல்லாரும் பயந்துகொண்டே ஓடுவினம். ஏப்ரலில் பயம் விட்டுப் போகும்.

பீக்_மணி

பந்தயம் வேறு, தினசரி ஓட்டம் வேறு. பந்தயத்தில் தெரியாத மலையில் முந்நூறு பேரை விடுகிறார்கள், எல்லோரும் சக்திக்கு மேல் ஓடுகிறார்கள், அங்கே விதி வேண்டும். 1932-ல் பாப் கிரஹாம் 42 உச்சிகளை 24 மணி நேரத்துக்குள் சுற்றினார். காலில் டென்னிஸ் ஷூ, மேலே பைஜாமா சட்டை, சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும் என்று சொல்வார்கள். டேப் ஒட்டிய தையலா இருந்தது அவரிடம்?

மழைமானி

அவர் ஓடியது ஜூன் பாதியில், மணி. கூடவே நண்பர்கள் ஓடினார்கள். அதற்கு முன் அந்த மலைகள் அத்தனையையும் மாதக்கணக்காக நடந்து பார்த்து வைத்திருந்தார், கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்தியவர். பைஜாமா கதை மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

மதுரை_மருந்துச்சீட்டு

என்.எச்.எஸ். அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை. ஓடுவது குறைவு, ஓடி விழுந்தவர்களைப் பார்ப்பது அதிகம்.

மலையோட்டக்காரர்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, உடுப்பு குறைவு, உள்ளே வேர்வை ஈரம். ஓடும்போது தசை கொடுக்கும் சூடு நின்ற மறுநிமிடமே குறையத் தொடங்கும். கணுக்கால் பிசகி உட்கார்ந்த ஒருவர், 5 டிகிரியில் காற்றும் தூறலுமாக இருந்தால், அரை மணி நேரத்திலேயே ஆபத்தின் பக்கம் போய்விடலாம். உடம்பின் உள் வெப்பம் 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. முதலில் வரும் நடுக்கம் நல்ல அறிகுறி, உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். அப்புறம் விரல் ஜிப்பைப் பிடிக்காது. கால் தடுக்கும். பேச்சு குழறும். கூட வந்தவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும். கடைசியில் நடுக்கம் நின்றுவிடும், அதை "சரியாகிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஜிப். விரல் விறைத்த பிறகு ஜாக்கெட் பையில் இருந்தும் பயனில்லை. குளிரும் முன்பே போட வேண்டும். ஃபோனும் அப்படித்தான், ஈர விரலுக்குத் திரை கேட்காது, குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும்.

உதவி வேண்டுமென்றால் 999, போலீஸ் கேளுங்கள், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். பேச சிக்னல் இல்லாத இடத்தில் சில சமயம் எஸ்.எம்.எஸ். போகும், அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அடித்து 999-க்கு அனுப்பினால் அடுத்து என்ன செய்வது என்று பதில் வரும். விசிலில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வருகிறவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். கெஸ்விக் குழு 1947-லிருந்து இருக்கிறது.

தனியாக ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உயிர்காப்புப் பை ஒன்று. எடை ஒரு பெரிய ஆப்பிள் அளவு.

கெஸ்விக்_கதிர்

இத்தனை பதில் எதிர்பார்க்கவில்லை, நன்றி. எஸ்.எம்.எஸ். பதிவை இப்போதே செய்துவிட்டேன். ஷூ பற்றியும் சொல்லுங்கள். லாட்ரிக்கின் புல்லில் பிரச்சினை இல்லை, ஈரப் பாறையில் கால் நிற்க மாட்டேன் என்கிறது.

ஆம்பிள்சைட்_தேன்மொழி

ஷூவில் எல்லாவற்றுக்கும் ஒன்று கிடையாது. ஆழமான குமிழ்கள் உள்ள அடிப்பாகம் சேற்றிலும் புல்லிலும் கடித்துப் பிடிக்கும், பாறையில் அதே குமிழ் ஆடும். ரப்பர் மிருதுவாக இருந்தால் பாறையில் ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். போல்டனில் பிறந்த வால்ஷ் இங்கே பழைய ஆட்களுக்குச் சாமி மாதிரி, இளசுகள் இனோவ்-8 பக்கம். உங்கள் ஸ்கிடா சிலேட் மலை, உச்சி முகடு முழுக்க ஓட்டாஞ்சில்லு போல உடைந்த கல், அது நனைந்தாலும் பரவாயில்லை. எங்கள் பக்கம் எரிமலைப் பாறை, அதில் பாசி. மழை பெய்த பாசிப் பாறையில் எந்த ஷூவும் நிற்காது, பக்கத்துப் புல்லில் இறங்கிவிடுவதுதான் வழி. இறங்கும்போது பயத்தில் பின்னால் சாயாதீர்கள், சாய்ந்தால் குதிகால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். சின்னச் சின்ன அடி, கண் இரண்டு மூன்று அடி முன்னால்.

வானிலை பற்றியே பேசுகிறீர்கள், வசந்தத்தில் தரையும் மாறுகிறது. உயரத்தில் கிழக்குப் பார்த்த ஓடைப் பள்ளங்களில் பழைய பனி ஏப்ரல் வரை கிடக்கும், காலையில் கண்ணாடி, மத்தியானம் கஞ்சி. ஹெல்வெலின் கிழக்கு விளிம்பில் பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் மேல் ஓடினால் கீழே ஒன்றும் இல்லை. மே பாதியில் பிராக்கன் பெரணி சுருள் விரித்து எழும்பும், போன மாதம் ஓடிய ஆட்டுத்தடம் காணாமல் போகும். அதோடு உண்ணி வரும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம் பாருங்கள், இருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சில நாளில் வட்டமாகச் சிவப்பு படர்ந்தால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

முக்கியமான விஷயம், குட்டிகள். ஹெர்ட்விக் ஆடு போடும் குட்டி கன்னங்கரேல் என்று இருக்கும், காது நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. வயதாக ஆகத்தான் சாம்பல் நிறம் வரும், முகம் வெளுக்கும். ஏப்ரலில் தாயும் குட்டியும் பள்ளத்தாக்கு வயல்களில் நிற்கும், மே மாதம் மேலே ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் அதனதன் இடம் உண்டு, வேலி இல்லாமலே அங்கேயே மேயும், தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும். தடத்தில் தாய் ஒரு பக்கம் குட்டி ஒரு பக்கம் நின்றால் நடுவில் பாய்ந்து ஓடாதீர்கள். நின்று, குட்டி கடந்து தாயிடம் போனதும் ஓடுங்கள். கேட் திறந்தால் மூடுங்கள். நாயோடு ஓடுகிறவர்கள் கயிற்றை விடவே கூடாது. இந்த மலையில் ஓடும் உரிமை நமக்கு இருக்கிறது, சரி. பிழைப்பு அவர்களுடையது.

பீக்_மணி

தேன்மொழி சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் என் மூல வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே மலையில் வாராவாரம் ஓடுகிறவனுக்கு அந்த மலை மனப்பாடம். எந்த வளைவில் காற்று பிடிக்கும், எங்கே சுவர் மறைவு இருக்கும் என்று எந்த அறிக்கையையும்விட அவனுக்குத் தெரியும். தொடர்ந்து ஓடுவதன் பலனே அதுதானே? அதற்குப் பிறகும் புதிதாக வந்தவன் மாதிரி மூட்டை கட்ட வேண்டுமென்றால் பழகியதற்கு என்ன அர்த்தம்?

மழைமானி

இது நல்ல கேள்வி. தொடர்ந்து ஓடினால் மலை பழகும், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்தை ஜாக்கெட்டை விட்டுப் போக உபயோகிக்கிறாய் நீ. நான் திரும்பி வருவதற்கு உபயோகிக்கிறேன்.

கதிர், உன் ஸ்கிடாவையே எடுத்துக்கொள்வோம். லாட்ரிக் பின்னால் இருக்கும் கார் நிறுத்தத்திலிருந்து தடம் கிளம்புகிறது. இடையர்கள் நினைவாக வைத்த கல் சிலுவையைத் தாண்டியதும் ஜென்கின் ஹில் செங்குத்து. இது காற்றுக்கு முதுகைக் காட்டும் ஏற்றம், காற்று மேற்கிலிருந்தால் பெரும்பாலும் மறைவு. இங்கே வேர்க்கும். கையை முட்டியில் ஊன்றி நடப்பதில் வெட்கம் வேண்டாம், மறைந்த மலையோட்ட ஜாம்பவான் ஜாஸ் நெய்லர் மாதிரி ஆட்கள் தவிர எல்லோரும் இங்கே நடப்பவர்கள்தான். மேலே சரிவு தணிந்து வேலி வரும், கேட் வரும். அங்கேதான் முதன்முதலாக முழுக் காற்று உன் மேல் படும். லிட்டில் மேனைச் சுற்றிப் போய் உச்சி முகட்டில் ஏறினால் பிறகு மறைவே கிடையாது, உச்சிக்கல் பக்கத்தில் அடுக்கியிருக்கும் கல்சுவர் தவிர.

அதனால் முடிவு எடுக்கும் இடம் அந்த கேட். அதற்கு முந்தின செங்குத்திலேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொள், விரல் சூடாக இருக்கும்போதே. கேட்டில் நின்று தென்மேற்கே பார். டெர்வென்ட்வாட்டரில் வெள்ளை நுரை தெரிகிறதா, நியூலாண்ட்ஸ் மலைகள் ஒவ்வொன்றாக மங்குகின்றனவா. அவற்றில் காஸி பைக் என்ற சிகரம் மறைந்தால் மழை ஏரியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. இதெல்லாம் எந்த ஆப்பிலும் வராது, ஒரே இடத்தில் பல நாள் நின்று பார்த்தால்தான் வரும். மணி சொல்லும் மனப்பாடம் இங்கே உதவும். இதே மனப்பாடம் கணுக்கால் பிசகினால் சூடு கொடுக்காது.

வேலணைப்_பொடியன்

இதை அப்படியே எழுதி எங்கள் கிளப் பலகையில் ஒட்டலாம் போல இருக்கு. மணி அண்ணை, சொல்லுங்கோ.

பீக்_மணி

யோசிக்கிறேன்.

கெஸ்விக்_கதிர்

நேற்று சாயங்காலம் போய் வந்தேன். அறிக்கையில் முகட்டில் 45 கிலோமீட்டர் காற்று, அங்கங்கே மழை. ஊரில் ஆட்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள், நான் கையுறையைப் பையில் வைத்துக்கொண்டு அசட்டுத்தனமாக அவர்களைக் கடந்தேன்.

செங்குத்தில் வேர்த்துக் கொட்டியது. ஜாக்கெட் போட மனசே வரவில்லை, அக்கா சொன்னாரே என்று போட்டேன். வேலிக்குப் பத்தடி முன்னால் காற்று பக்கவாட்டில் வந்து இடித்தது. காஸி பைக் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சுவர், ஏரியின் இந்தப் பாதியில் மட்டும் வெயில். ஆலங்கட்டி வந்தபோது முதலில் சத்தம்தான், தொப்பியின் மேல் அரிசி கொட்டுவது போல. காய்ந்த ஹெதர் புதரில் விழுந்து விழுந்து எகிறியது. கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளைக் கையுறை இல்லாமல் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், உடனே மாட்டிக்கொண்டேன். லிட்டில் மேன் தெரியவில்லை. திரும்பிவிட்டேன். பாதி இறங்கும்போதே வெயில் வந்து ஜாக்கெட்டுக்குள் வெந்தேன்.

இறங்கும் வழியில் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார், அறுபது வயது இருக்கும். அரைக்கால் சட்டைதான், மணி சொன்னது உண்மை. ஆனால் முதுகில் சின்னப் பை, கையில் கையுறை. கேட் வரை போய்ப் பார்க்கிறேன் என்றார்.

ஒரு சந்தேகம். ஜாக்கெட் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, தோள்பட்டையில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியே நனைந்து கனக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பீக்_மணி

சரி, கையுறையை ஒத்துக்கொள்கிறேன். கால்சட்டையை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மழைமானி

கெடவில்லை. மேல் துணியில் பூசியிருக்கும் நீர்விலக்கும் பூச்சு வேர்வையிலும் அழுக்கிலும் மங்கிவிட்டது, உள்ளே இருக்கும் படலம் நன்றாகத்தான் இருக்கும். சாதாரண சோப்புத் தூள் வேண்டாம், துணி மென்மையாக்கி அறவே கூடாது, அது பூச்சை நாசமாக்கும். இதற்கென்றே நிக்வாக்ஸ் மாதிரி திரவம் கடையில் கிடைக்கும், அதில் துவைத்துவிட்டு உள்லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் காய வை. அப்படியும் முத்து உருளவில்லையென்றால் மறுபடி பூசும் திரவம் தனியாக உண்டு. முதுகுப்பை உரசும் தோள்பட்டையில் இரண்டு தடவை பூசு. வெள்ளிக்கிழமை துவைத்தால் சனிக்கிழமைக்குக் காய்ந்துவிடும்.